தாகம் தீராத கதவு

மரக்கடையில் எந்தப் பலகையைத் தொட்டாலும் முதலில் அதைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார் தச்சர். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். "குளிச்சிட்டு வந்து தலைகூடத் துவட்டல இது" என்று திருப்பிச் சாய்த்துவிடுவார். நிற்பவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்துகொள்வார். "வீட்ல கொஞ்ச விடமாட்டாங்க, அதான் இங்க."

குள்ளம், தொப்பை பெரிது. கதவு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாடம். மரத்தின் நார் தண்ணீருக்கு ஏங்குகிற சரக்கு. காற்றில் ஈரம் ஏறினால் உறிஞ்சி உப்பும். வெயிலடித்தால் விட்டுவிட்டுச் சுருங்கும். "வெட்டினா மரம் சாகும், தாகம் சாகாது. அகலத்துலதான் ஊதும், உயரத்துல வளராது. என்னைப் பாருங்க, புரியும்." ஆகவே கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து விட்டே தீரவேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர், மகள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குச் சந்து விடவில்லை. செய்தது கோடையில். சம்பந்தி வீட்டார் முன்னால் கெத்துக் காட்டும் ஆசை வேறு. மூடினால் முடி நுழையாது. "கதவுன்னா இது கதவு!" என்று சம்பந்தியம்மா சொன்னதும் தலைகால் புரியாமல் போய், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஈரம் ஏறாமல் தடுக்கும் வார்னிஷ் அடிக்க மறந்தார்.

மழை பிடித்தது. ஒரு வாரமாக விடவில்லை. காலையில் மகள் போன் செய்தாள். "அப்பா, அத்தை குளிக்கப் போய் உள்ள மாட்டிக்கிட்டாங்க. தாழ்ப்பாள் திறந்துடுச்சு, கதவு அசையவே மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மகளின் முகத்தைப் பார்த்ததுமே செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். ஆயுசுக்கும் அவளிடமல்லவா இதைச் சொல்லிக் காட்டுவார்கள்!

"சம்பந்திம்மா, பயப்படாதீங்க. ஈரத்துல மரம் கொஞ்சம் ஊதியிருக்கு."

"ஊதும்னு தெரியாமலா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதாங்க செஞ்சேன். தெரியாம செஞ்சிருந்தா பாவம்னு விட்டுடலாம். சேலையச் சுத்திக்கிட்டு சுவரோரமா ஒதுங்கி நில்லுங்க, தள்றேன்."

தோளைக் கொடுத்து மோதினார். நிலை முனகியது, கதவு அசையவில்லை. பின்னால் போய் ஓடிவந்து தொப்பையோடு விழுந்தார். படாரென்று திறந்தது. போன வேகத்தில் பக்கெட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"கதவு மட்டும்தான் ஊறணுமா, நானும் ஊறுறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கதவைக் கழற்றிக் கூடத்தில் சாய்த்து இழைப்புளியால் விளிம்பை இழைத்தார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. "சீவுறது மரத்தை இல்லம்மா, அப்பனோட திமிரை" என்றார் மகளிடம். அப்போதுதான் அவள் முகம் லேசாக இளகியது.

திரும்ப மாட்டியதும் சம்பந்தியம்மா கிட்டே வந்து பார்த்தார். "சந்து தெரியுதே."

"தெரியட்டுங்க. கோடையில இன்னும் நல்லாவே தெரியும்."

சம்பந்தியம்மா கதவை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்தார். மருமகள் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு, "பாதிக் குளியல் பாக்கி" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மகள் காப்பி கலந்து கொண்டுவந்து, உட்காரச் சொன்னாள். தச்சர் உட்காரவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்று, தாழ்ப்பாள் விலகி, அந்த அம்மாள் வெளியே வரும்வரை கையில் இழைப்புளியோடு குளியலறை வாசலை விட்டு நகராமல் நின்றார்.