தூக்கில் போட்டது யார்

டெக்சாஸின் வடக்கு ஓரத்தில், ஆற்றைத் தாண்டினால் ஓக்லஹோமா என்கிற இடத்தில், நாங்கள் சில ஆண்டுகள் இருந்தோம். அப்பா டாக்டர். இந்த நாட்டு டாக்டர்கள் போக விரும்பாத கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் விசா சிக்கல் தீரும், பிறகு கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும் என்று ஒரு ஏற்பாடு. அதற்காகப் போனோம். அந்தக் கவுண்டி நம் ஊர்த் தாலுகா அளவு இருக்கும். மாடுகள், வைக்கோல் உருளைகள், தேவாலயங்கள் தவிர அங்கே அதிகம் இல்லை. சனிக்கிழமைகளில் பிளானோ நகரம் வரை போய் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கி, யாராவது தமிழ்க் குடும்பத்தோடு வாய் வலிக்கப் பேசிவிட்டுத் திரும்பினால்தான் அம்மாவுக்கு அடுத்த வாரம் ஓடும்.

எங்களுக்கென்று அங்கே இருந்த ஒரே மனிதர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பனிப்புயலில் எங்கள் வீட்டுக் குழாய் உறைந்து வெடித்தபோது ஈரத்தில் மண்டியிட்டுச் சரிசெய்தவர் அவர்தான். தம்பி பிறந்து அம்மா வீடு திரும்பிய அன்று கோழியும் சாதமும் சமைத்துக் கொண்டுவந்தார். அம்மா சைவம் என்று தெரிந்ததும் முகம் சிவந்து, திரும்பிப் போய் ஒரு சட்டி பீன்ஸோடு வந்தார். அதிலும் பன்றித் துண்டுகள் இருந்தன. அம்மா அதைச் சொல்லவில்லை. அப்பா அவரை ‘சார்’ என்பார். அவர் அப்பாவை ‘டாக்’ என்பார். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் அவரும் ஒருவர் என்பதும், அப்பாவின் ஒப்பந்தம் ஒவ்வொரு ஆண்டும் அந்தக் குழுவின் முன்னால் போகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அந்த ஆண்டு கோர்ட் கட்டடத்துக்கு எதிரே ஒரு கல் நட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்தக் கவுண்டியில் செத்துப்போன சிலருக்காக அந்தக் கல். டெக்சாஸ் நாட்டைவிட்டுப் பிரிந்து, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்பக்கம் சேர்ந்தபோது, அடிமைகள் வைத்திருக்காத ஏழைக் குடியானவர்கள் பலருக்கு அதில் இஷ்டமில்லை. இஷ்டமில்லாதவர்கள் துரோகிகள் என்று பேச்சு கிளம்பியது. வீடு வீடாகப் போய்ப் பிடித்து, அவசரமாக விசாரித்து, ஓடைக்கரை மரத்தில் தூக்கில் போட்டார்கள். போர்க்களம் அந்தப் பக்கம் வரவே இல்லை. செத்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்.

கல் திறப்பன்று எங்கள் வகுப்பு பாட்டுப் பாடியது. அப்பா கோட் போட்டுக்கொண்டு கேமராவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெரியவர்தான் பேச்சாளர். கவுண்டியின் வரலாறு அவருக்கு மனப்பாடம். நன்றாகவே பேசினார். அவர்கள் கைது செய்யப்பட்டார்கள், விசாரிக்கப்பட்டார்கள், தூக்கிலிடப்பட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கூட்டம் தலைகுனிந்து கேட்டது. கடைசியில் எங்களைப் பார்த்துச் சிரித்து, பிள்ளைகளுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

நான் கையைத் தூக்கினேன். அவர் எனக்குத் தெரிந்தவர் என்கிற பெருமை வேறு.

“அவங்களைத் தூக்கில் போட்டது யார்?” என்று ஆங்கிலத்தில், பாட்டுக்குப் பழக்கியிருந்த உரத்த குரலில் கேட்டேன்.

அவர் கல்லின் பக்கம் திரும்பினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் தூக்கில் போட்டவர்களின் வம்சம், மீதி செத்தவர்களின் வம்சம், இரண்டும் கலந்து கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும். டீச்சர் கையைக் காட்ட, பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. அப்பாவின் கேமரா அவர் மடியில் கிடந்தது.

 வீட்டு வாசலில் கார் நின்றதும் அப்பா, “ஏன்டி அப்படிக் கேட்ட? அவரோட தாத்தாவுக்குத் தாத்தா தூக்குத் தீர்ப்பு சொன்ன அந்த ஜூரில இருந்தவராம். பின்னாடி இருந்த லேடி சொல்றாங்க. மானம் போச்சு” என்றார்.

“பட் அப்பா, கொஸ்டின் இருக்கான்னு அவர்தானே ஆஸ்க் பண்ணாரு?”

அன்று மாலையே அப்பா, பிளானோவிலிருந்து வாங்கிவைத்திருந்த மைசூர்பாகு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பெரியவர் கதவைத் திறந்தார். விழாச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

“நீ கேட்டதற்கு நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்” என்று ஆரம்பித்தார். “எங்கள் குடும்பத்தில்...”

“ஸாரி சார்” என்றார் அப்பா. “ஸாரி. சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார்.” உடம்பு வளைந்து, டப்பாவை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நர்சுகள் எழுந்து நிற்கிற அப்பா அவர். அந்த வளைந்த முதுகைப் பார்க்கக் கூசி, நான் கதவருகே கிடந்த சேறு படிந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லை டாக், நான் சொல்ல வந்தது...”

“ஸாரி சொல்லுடி” என்று அப்பா என் தோளை அழுத்தினார். சொன்னேன்.

 பெரியவர் டப்பாவை வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்றார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவர் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஒப்பந்தம் வழக்கம்போல நீண்டது. புல் வெட்டும் வண்டியிலிருந்து கையசைப்பார், நாங்களும் அசைப்போம். ஆனால் பேச்சு குறைந்துபோனது. நாங்கள் பிளானோவுக்கு மாறிய பிறகு அவர் இறந்த செய்தி வந்தது. அப்பா பூ அனுப்பினார். வெட்கத்தோடு உண்மை சொல்ல வந்த ஒரு மனிதரின் வாயை நாங்கள் மைசூர்பாகு கொடுத்து அடைத்துவிட்டு வந்தோம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று பெரியவர் வீட்டிலிருந்து திரும்பிச் சாப்பிடும்போது அம்மா அப்பாவின் தட்டில் சாதம் போட்டபடியே, “உங்க ஊர்ல அந்தத் தெரு எரிஞ்சப்ப யாரும் யார்கிட்டயும் ஸாரி சொல்லலையே. இங்க மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?” என்றாள். அம்மாவுக்கு வேறு ஊர். அதனால் சொல்ல முடிந்தது.  அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மாவே அதைச் சொன்னாள். அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கூலித் தகராறு ஒன்றில், ஊருக்கு வெளியே இருந்த சேரித் தெரு ஒரே ராத்திரியில் சாம்பலானது. தீ வைத்த கூட்டத்தில் அப்பாவின் அப்பாவும் இருந்தார். எங்கள் வீட்டில் அதை எப்போதும் ‘எரிஞ்சுபோச்சு’ என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்த மாலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரு எரிந்தது என்றால் யாரோ அடுப்பை அணைக்க மறந்திருப்பார்கள், ஃபயர் டிரக் வர லேட்டாகியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் போய் யார் யாரிடம் ஸாரி சொல்வது என்று குழம்பினேன். பாவம் அப்பா, ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.