உயிரோடு இருப்பவர்களுக்கான கோயில்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தோம். பிறம்ரனில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்கு யப்பானிய மெஷின்கள் வந்தபோது, அவற்றைப் பழகிவர என்னை இரண்டு கிழமை யப்பானுக்கு அனுப்பினார்கள். மனைவியையும் கூட்டிப்போனேன்.

அவளுடைய தம்பி எண்பதுகளில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவன். படகு கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அவனுக்குச் செய்ய அவள் சம்மதிக்கவில்லை. ரொறன்ரோவிலும் அவனுடைய பிறந்தநாளில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்விப்பாள். அது உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலை பழக்கிய பொறியியலாளர் எங்களைக் கடலோரக் குன்றிலிருந்த பழைய ஷின்டோ கோயிலுக்கு அழைத்துப்போனார். பல நூறு வருடங்களாக மீனவர்கள் கும்பிடும் இடமாம். சிவப்பு மரவாசலைத் தாண்டி, தொட்டித் தண்ணீரை மொண்டு கையும் வாயும் கழுவினோம். முன்றலில் நின்றால் கீழே கடல் மட்டுந்தான். மனைவி அதற்கு முதுகு காட்டி நின்றாள்.

உள்ளூர்ப் பெண்கள் குனிந்து வணங்கி, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட்டார்கள். கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்புவதற்காக என்றார் பொறியியலாளர்.

"திரும்பி வராதவைக்கும் இஞ்சை கும்பிடலாமோ எண்டு கேளுங்கோ" என்றாள் மனைவி.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் விடாமல் கேட்டதால் சொன்னேன்:

"இஞ்சை உயிரோடை இருக்கிறவைக்குத்தானாம். செத்தவைக்குக் கீழை புத்த கோயில் இருக்காம்."

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். கைதட்டவில்லை, கும்பிடவில்லை. பிறகு சொன்னாள்:

"அப்ப, கீழை போவம்."

ஊரில் புத்த கோயில் என்றால் பக்கத்திலேயே ஆமிக்காரர் துப்பாக்கியோடு நிற்பார்கள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னரே உள்ளே போய், ஊதுபத்தி கொளுத்தி, தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பிறகு அழுதாள்.

ரொறன்ரோ திரும்பியதும் சென்னையிலிருந்த தாய்க்கு ரெலிபோன் எடுத்து, அந்தியேட்டி செய்வோம் என்றாள். தான் அதை எப்போதோ செய்வித்துவிட்டதாகத் தாய் சொன்னாராம். மகள் தாங்கமாட்டாள் என்றுதான் இத்தனை காலமும் மறைத்தாராம். மனைவி கோபிக்கவில்லை. அன்றுதான் இருவரும் அவனைப் பற்றி, இறந்துபோன ஒருவனைப் பற்றிக் கதைப்பதுபோல, ஆறுதலாகக் கதைத்தார்கள்.