பங்களாவைக் காப்பாற்றினோம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் துரையின் பங்களா இருந்தது. கருங்கல் அடிச்சுவர், அதன்மேல் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், கூடத்தில் குளிருக்குத் தீ மூட்ட ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கணப்பு, கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி. என் அப்பாவுக்கு அந்த வீட்டில்தான் வேலை. பலகைத் தரையைத் தேய்த்து மெழுகு பூசுவார். கணப்புக்கு விறகு பிளப்பார். துரைசானியின் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் இருந்ததோ பள்ளத்தில், தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டித் தகரக் கூரை போட்ட லயத்தில். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டாள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்ற பேச்சு கிளம்பிய சில நாட்களில், ஒரு காலை துரையும் துரைசானியும் காரில் ஏறி மலையடிவாரத்துத் தாப்பா பக்கம் இறங்கிப் போனார்கள். கிளம்பும்போது துரை சாவிக்கொத்தை அப்பாவின் கையில் வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "வீடு பாத்துக்கோ. நான் வரும்" என்றார். அவ்வளவுதான். அந்த நாலு சொற்களை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி, மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் வந்த கொஞ்ச காலத்தில் ஃபேக்டரி நின்றது. தேயிலையை யாரும் கேட்கவில்லை. சரிவில் நின்ற செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடச் சொன்னார்கள். வேர் பாறையைக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு செடியைப் பிடுங்க இரண்டு ஆண்கள் வேண்டும். என் வீட்டுக்காரர் கைகளில் தோல் உரிந்து வருவார். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதங்களாயின.

ஒரு ஜப்பான் அதிகாரி பங்களாவைப் பார்க்க வந்தான். நான்கு நாள் தங்கினான். குளிர் பிடிக்கவில்லையோ என்னவோ, தானா ராத்தா டவுனுக்கே திரும்பிவிட்டான். போகும்போது வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டி, இனி இது ராணுவத்தின் வீடு, எவனும் நுழையக்கூடாது என்றான். அப்பா மட்டும் போய்ச் சுத்தம் செய்யலாம். சாவி அவரிடமே இருந்தது.

அப்பா தினமும் போனார். ஆளில்லாத வீட்டில் தரையைத் தேய்த்தார். மெழுகு தீர்ந்தபின் தேங்காய் எண்ணெய் தேடினார். அதுவும் கிடைக்காமல் போனபின் வெறும் துணியால் தேய்த்தார். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு மக புள்ள. மூத்தவ அந்தப் பங்களா. நீ ரெண்டாவதுதான்."

முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. துணி கிடைக்காமல் லயத்தில் எல்லோரும் சாக்கைக் கட்டத் தொடங்கிய வருடம் அது. பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்று, ஈரச் சாக்கின்மேல் கிடந்து விறைத்தாள். அவள் மாமியார் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, அங்க சன்னலுக்கெல்லாம் கம்பளி மாதிரி திரை தொங்குதாமே. ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே."

"அது நம்ம பொருள் இல்ல தங்கச்சி. ஜப்பான்காரன் கண்டா வெட்டிப்புடுவான். தொரை வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

பிள்ளை பெற்றவள் பிழைக்கவில்லை. பிள்ளையும் போயிற்று. அதற்குப்பின் லயத்தில் எவரும் அப்பாவோடு பேசவில்லை. அவர் குனிந்த தலையோடு மேட்டுக்குப் போவார், குனிந்த தலையோடு வருவார்.

இரண்டாவது வருட மழையில் என் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நடக்கப் பழகியிருந்தாள்; திடீரென்று நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மார்பு கர்கர் என்றது. மருந்து கொடுக்கும் டிரஸர் வந்து பார்த்து, தன்னிடம் ஒன்றுமில்லை, சூடாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதைக்கொண்டு சூடாக வைப்பது? கூரை ஒழுகியது. விறகு நனைந்து புகைந்தது, எரியவில்லை. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் அப்பாவின் முன்னால் போய் நின்றார். அன்றுவரை அவர் மாமனாரிடம் எதுவும் கேட்டதில்லை.

"மாமா, பங்களாவத் தொறங்க. கணப்பு பக்கத்துல வெச்சா பொழச்சுக்கும்."

அப்பாவின் கை இடுப்புச் சாவிக்குப் போய் நின்றது.

"மாமா, உங்க பேத்தி."

"பொகை தெரியுமேப்பா" என்றார் அப்பா.

"மூடுபனி எறங்கியிருக்கு பாருங்க. பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. பொழுது சாயறதுக்குள்ள அணைச்சிடுவோம் லா."

அப்பா குழந்தையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பின்கதவு வழியாகப் போனோம். நான் அந்த வீட்டின் கூடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. என் ஈரக் காலடித் தடம் தரையில் விழுந்ததைப் பார்த்துப் பயந்து, முந்தானையால் துடைத்தேன். அப்பா காய்ந்த கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினார். பல மாதத்துக்குப் பிறகு என் முகத்தில் சூடு பட்டது. குழந்தைக்காக வந்தேன்; ஆனால் அந்தச் சூடு என் எலும்புக்குள் இறங்கியபோது, எல்லாவற்றையும் மறந்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து நான் வெட்கப்படாத நாளில்லை.

பெரிய நாற்காலி ஒன்று பக்கத்தில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார். அப்பா சன்னலுக்குப் போய் ஒரு திரையைக் கழற்றி வந்து குழந்தைமேல் போர்த்தினார். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி நினைவு வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு வியர்த்தது. உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து நெருப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். நான்தான் சொன்னேன். அப்பா அணைக்க எழுந்தார், நான் தடுத்தேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் பனி விலகிவிட்டது. சன்னல் பக்கம் திரும்பியபோது எதிர்மலைச் சரிவு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. கீழே ரோடும் தெரிந்தது.

லோரி மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டு சிப்பாய்கள், ஓர் அதிகாரி, அவர்களோடு பேச்சை மாற்றிச் சொல்ல நம்மவன் ஒருவன். எங்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"காட்டுல ஒளிஞ்சு சண்டை போடறவங்களுக்குப் பொகை காட்டிச் சைகை குடுத்தது யாருன்னு கேக்கறாரு" என்றான் அந்த ஆள். "சொல்லிடுங்க. இல்லேன்னா எல்லாரையும் கொண்டு போயிடுவாங்க."

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான். கொழந்தைக்குக் குளுருன்னு மூட்டினேன். மாமாவுக்குத் தெரியாது. அவரு தூங்கறப்ப சாவியத் திருடிட்டேன்."

அதிகாரி அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டான். அந்த ஆள் தமிழில் சொன்னான்: "இவன் சொல்றது நெசமா?"

அப்பா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினார்.

துப்பாக்கிக் கட்டையால் என் வீட்டுக்காரரை முழங்காலில் அடித்து, கையைப் பின்னால் கட்டி, லோரியில் ஏற்றினார்கள். ஒரு சிப்பாய் குழந்தைமேல் இருந்த திரையை உருவி எடுத்துக்கொண்டான். அவள் வீறிட்டு அழுதாள். அத்தனை பலமாக அழ முடிகிறதே என்று நினைத்தேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த சமயம் அது. எட்டு நாள் கழித்து, பிடித்தவர்களைத் தானா ராத்தாவிலிருந்து அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனேன். லோரி நின்றிருந்தது. ஆண்கள் நெருக்கி நின்றார்கள். என் வீட்டுக்காரர் முகம் வீங்கியிருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கூப்பிட்டார்.

"புள்ள! கொழந்தைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

"அப்ப சரி."

லோரி கிளம்பிவிட்டது.

அன்று பிழைத்த குழந்தை ஐந்து மாதம் இருந்தாள். பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. மரவள்ளிக் கஞ்சியும் தங்கவில்லை. ஒரு மத்தியான வேளையில், நான் தண்ணீர் எடுக்கப் போய் வருவதற்குள், போய்விட்டாள். அப்பா குழி தோண்டினார். மறுநாள் காலை அவர் பங்களாவைத் துடைக்கப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவரைக் கொல்ல வேண்டும்போல இருந்தது; அவர் முதுகு கூனிப்போயிருந்ததைப் பார்த்து அழுகையும் வந்தது.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒருவர் திரும்பி வந்தார். காலில் ஆறாத புண். என் வீட்டுக்காரர் சயாமுக்குப் போன அதே வருடம், ஆற்றங்கரை முகாமில் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார். ஒரே குழியில் பலரைப் போட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டேன். "காடும்மா. எல்லாம் ஒரே காடு" என்றார்.

துரையும் திரும்பி வந்தார். அவரைச் சிறையில் வைத்திருந்தார்களாம். சட்டை கொக்கியில் தொங்குவதுபோலத் தோளில் தொங்கியது. துரைசானி வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. துரை ஒவ்வோர் அறையாக நடந்தார். தரையைப் பார்த்தார். அப்பாவின் தோளில் கை வைத்தார், கண் கலங்கியிருந்தது. அப்பா கைகட்டி நின்று, "ஒரு தெரை மட்டும் போயிருச்சுங்க தொரை. மன்னிக்கணும்" என்றார்.

நான் ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். அப்பா மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேத்தியைப் பற்றியும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏன்பா சொல்லல?" என்றேன்.

"சொன்னா அவரு என்னம்மா செய்வாரு?"

அன்றைக்கு முற்றத்தில் ஏன் தலையை ஆட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து அவர் இறக்கும்வரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் முதலிலேயே கதவைத் திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி பிழைத்திருப்பாள். அன்று திறக்காமலே இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இருந்திருப்பார். நான் கொஞ்ச நேரம் என்று கேட்காமலிருந்திருந்தால்? எந்தப் பக்கம் நடந்து பார்த்தாலும் எனக்கு வெளியே போக வழி கிடைக்கவில்லை. பிறகு எனக்கு இன்னொரு கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களிடம் இதைச் சொன்னதில்லை.

இந்த வட்டாரத்தில் நிற்கும் பழைய கட்டடங்களை எல்லாம் பட்டியல் போட்டுப் பாதுகாக்கிறார்களாம். அந்த வேலையாக ஒரு பெண் போன மாதம் என்னைத் தேடி வந்தாள். நல்ல பிள்ளை, தமிழ்ப் பிள்ளை. பங்களா இருக்கிறது, ஃபேக்டரி இருக்கிறது, காய்கறித் தோட்டத்துப் பழைய வீடு ஒன்றும் இருக்கிறது. லயத்தை இடித்து வெகு காலமாயிற்று. இல்லாததைப் பட்டியலில் எழுத முடியாது என்றாள்.

"பாட்டி, ஜப்பான் காலத்துல சுத்தி இருந்ததெல்லாம் நாசமாச்சு. இந்த வீடு மட்டும் எப்படி ஒரு கீறல் இல்லாம தப்பிச்சுச்சு?"

"எங்கப்பா பாத்துக்கிட்டாரு."

"நெசமாவா! உங்க குடும்பம் காப்பாத்தின வீடா இது!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாக எழுதிக்கொண்டாள். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டாள். தரைக்கு எப்படி மெழுகு போடுவார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.