எர்மினியாவின் சிரிப்புக்கு வைத்த பெயர்

சோளமாவைப் பிசைந்து வாழையிலையில் சுற்றி அவித்த தமால்களைக் கூடையில் சுமந்து, எங்கள் ஆற்றங்கரைச் சந்தையில் விற்பவள் எர்மினியா. நாற்பத்தாறு வயதில் தாயாகப் போகிறாள் என்று மருத்துவச்சி சொன்னபோது, அந்த மகராசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். கண்ணீர் பிறகுதான் வந்தது.

ஊரும் சிரித்தது. அவள் கணவன் காசிமீரோவுக்கு அறுபது வயது. முடிதிருத்தும் நிக்கானோர் கடையில் அவரால் உட்காரவே முடியவில்லை; நிக்கானோரே கேலியைத் தொடங்கிவிடுவான்.

"என்ன மாப்ளே, பிள்ளைக்குத் தொட்டிலா, உனக்குக் கைத்தடியா? எதை முதல்ல வாங்கப்போற?"

பிள்ளை பிறந்ததும் எர்மினியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: மகனுக்கு ஈசாக் என்று பெயர் வைக்க வேண்டும். பைபிளில், தொண்ணூறு வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுச் சிரித்த சாராளின் மகன் பெயர் அது. எபிரேயத்தில் 'அவன் சிரிப்பான்' என்று பொருள்.

காசிமீரோ கொதித்தார். "ஊரே சிரிக்குது. பேர்லயும் சிரிப்பு வேணுமா? எங்கப்பா பேரு திபுர்சியோ. அதான் வைக்கணும்!"

"மலடின்னு இருபது வருஷமா என்னப் பாத்துச் சிரிச்சாங்களே, அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க? இப்பதாங்க நானே சிரிக்கிறேன்."

காசிமீரோ விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நிற்கப்போகும் நிக்கானோரிடம், "சாமி கேட்டா திபுர்சியோன்னு சொல்லு" என்று மட்டும் கட்டளையிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானத்துக்குக் கோயில் நிரம்பியிருந்தது. பாதிரியார் ஊருக்குப் புதியவர். தண்ணீர்த் தொட்டி அருகே நின்ற காசிமீரோவைப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிள்ளையோட அப்பா முன்னால வரட்டும்."

கோயிலே வெடித்துச் சிரித்தது. நிக்கானோர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். காசிமீரோவின் காதுகள் சிவந்தன. ஐயோ, மனுஷன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறிவிடுவாரோ!

அப்போதுதான் அவர் மனைவியைப் பார்த்தார். முந்தானைத் துணியை வாயில் அடைத்தும் அடக்க முடியாமல், கன்னமெல்லாம் நனைய, எர்மினியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அதற்குப் பிறகு எங்கே போயிருந்தது அது?

அவருடைய மீசை துடித்தது. உதடு கோணியது. அடுத்த நொடி, ஊரில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

"நான்தான் சாமி அப்பன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

நிக்கானோர் வாயைத் திறந்தான். "தி..."

"நீ சும்மாயிருடா! ஈசாக், சாமி. ஈசாக்!"

வாசலில், ஞானத்தந்தையின் வழக்கப்படி நிக்கானோர் சில்லறையை வாரி இறைக்க, தெருப்பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். சிரிப்பைப் பெயராகக் கொண்டவன் மட்டும் வீடு வரை வீறிட்டு அழுதான்.

"அழு ராசா, நல்லா அழு" என்று காசிமீரோ அவனைத் தோளில் போட்டுத் தட்டினார். "சிரிப்ப உங்கம்மா பாத்துக்குவா."