ஓடாததை ஓடவில்லை என்று எழுதச் சொன்னவர்

இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் ரிவியூ நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. வீராயி மேடம், கொல்லிமலை வளப்பூர் நாட்டில் தன் அண்ணன் வீட்டில், மாரடைப்பால் இறந்துவிட்டார். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே, மாலைக்குள் ரிவியூ மதிப்பெண்களை ஏற்றிவிட வேண்டும் என்று துறைத்தலைவரின் அறிவிப்பு. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ரிவியூ நிற்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில், மின்னியல் துறையில், நாங்கள் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். இறுதியாண்டுப் புராஜெக்ட்டுகளுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். அறிக்கை கைக்கு வந்தால் மற்றவர்கள் தலைப்பைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள். இவர் நேராக நன்றியுரைப் பக்கத்தைத் திருப்புவார். நகரத்துப் புராஜெக்ட் சென்டர்களில் விலைக்கு வாங்கிவரும் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பெயரை மாற்றிவிடுவார்கள், அந்தப் பக்கத்தை மட்டும் மறந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒருமுறை ஒரு மாணவனிடம் கேட்டார்: "ஏனுங்க சாமி, இந்த முதல்வர் ஐயாவுக்கு நன்றி சொல்லியிருக்கீங்களே, அவரு என்ன ஒத்தாசை பண்ணுனாரு?"

"ரொம்ப சப்போர்ட்டா இருந்தாருங்க மேடம்" என்றான் அவன், கண் சிமிட்டாமல்.

"அவரு நம்ம காலேஜே இல்லீங்களே கண்ணு."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அறிக்கையை மூடி அவன் கையிலேயே கொடுத்து, சொந்தமாகச் செய்துகொண்டு வரச் சொன்னார். மறுநாள் அவனுடைய அப்பா கல்லூரிச் செயலாளரைப் பார்க்க வந்துவிட்டார்.

சென்டர்காரர்களின் தலைமகன் 'ஸ்மார்ட் நீர்ப்பாசனம்'. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சின்ன மோட்டார், மண்ணில் குத்திய ஒரு சென்சார். வருடா வருடம் தலைப்பில் ஒரு சொல் கூடும். ஒரு வருடம் 'நவீன', அடுத்த வருடம் 'அதிநவீன', இப்போது 'செயற்கை நுண்ணறிவு'. மூலை உடைந்த அதே தொட்டிதான் வரும். வைவா முடிந்ததும் சென்டரின் ஆள் வண்டியோடு வந்து தொட்டியை ஏற்றிக்கொண்டு போவார். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னவர் வீராயி ஒருவர்தான்.

சொந்தமாகச் செய்யும் பிள்ளைகள் கிடைத்தால் அவர் முகமே மாறிவிடும். அப்படி ஒரு குழு மிளகு உலர்த்தும் பெட்டி செய்தது. மலையில் மிளகு பறிக்கும் காலத்தில் சில நாள் மூட்டம் கலையாது, களத்தில் காயப்போட முடியாது. ஆய்வகத்தில் பெட்டி நன்றாக ஓடியது. பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போய், பெட்டியைத் தன் அண்ணன் வீட்டிலேயே வைத்தார். சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டதும் மின்னழுத்தம் இறங்கிவிட்டது. விசிறி முனகியதே தவிரச் சுற்றவில்லை. உள்ளே இருந்த மிளகு முழுக்கப் பூசணம். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

"அழுவாதீங்க கண்ணு. எதனால ஓடலைன்னு கண்டுபுடிச்சீங்கல்ல? அதை அப்படியே எழுதுங்க. அதான் புராஜெக்ட்டு" என்றார். அவர்களும் கடைசி அத்தியாயத்தில் அப்படியே எழுதினார்கள்: ஓடவில்லை, காரணம் இது, அடுத்து மாற்ற வேண்டியது இது.

துறைத்தலைவருக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக்குழு வரும் வருடம் அது. "ரெண்டு வரிதானே மேடம், நல்லா வேலை செய்யுதுன்னு மாத்திடச் சொல்லுங்க" என்றார்.

"அந்த மொளகு எங்கண்ணனூட்டுதுங்க சார். பூசணம் புடிச்சதை நா கண்ணால பாத்தேன். பொய்தான் எழுதோணும்னா அதுக்கு நா எதுக்குங்க?"

வீராயி மாற்றச் சொல்லவில்லை, பிள்ளைகளும் மாற்றவில்லை. அந்தக் குழுவுக்கு ஒப்புக்கு ஒரு மதிப்பெண் விழுந்தது. சிறந்த புராஜெக்ட் பரிசைத் தொட்டி வாங்கிக்கொண்டு போனது. வீராயியிடமிருந்து ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைப் பிடுங்கி, கல்லூரி பஸ்களுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று வாசலில் நின்று பார்ப்பதுதான் முனைவர் பட்டம் வாங்கிய அவருடைய கடைசிக்கால வேலை.

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். இந்த ஆண்டு முதல் சிறந்த புராஜெக்ட்டுக்கு 'முனைவர் வீராயி நினைவு விருது' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்கு முதல் விருது என்பது அந்த வாரமே முடிவாகிவிட்டது: செயற்கை நுண்ணறிவு நீர்ப்பாசனம்.

கேடயத்தில் பதிக்க நல்ல படம் வேண்டும் என்று என்னை மலைக்கு அனுப்பினார்கள். அவருடைய அண்ணன் களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்குங்க குடுக்கறாங்க? நம்மூட்ல பொட்டி வெச்சாங்களே, அந்த மாதிரிப் பசங்களுக்குங்களா?"

"இல்லீங்க. கடையில வாங்குன புராஜெக்ட்டுக்கு."

அவர் கிளறுவதை நிறுத்தினார். "எந்தங்கச்சி இருந்தா உடுவாளாங்க?"

"உடமாட்டாங்க."

"அப்பறம் போட்டோ எதுக்குங்க சார்? காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க."

படம் இல்லாமல் திரும்பினேன். யாரும் கவலைப்படவில்லை. கல்லூரி இணையதளத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய நெருங்கிய சக ஆசிரியர் என்பதால் மேடையில் விருதை நான்தான் வழங்க வேண்டும் என்றும் அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள்.

முடியாது என்றேன். துறைத்தலைவர் தனியே கூப்பிட்டு, "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க சார், யாருக்கும் சங்கடம் இருக்காது" என்றார். ஒருவருக்கும் சங்கடம் இல்லாமல் எழுத வீராயிக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒன்றுதான், நான் வைத்துக்கொள்ளப்போவதும் அதைத்தான். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: "என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் வாங்கியதற்கு வீராயி பெயரில் பரிசு கொடுக்க எனக்குக் கை வராது."