இஞ்சின் குடித்த தண்ணீர்

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

இன்று காலை கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், மடியில் கைக்குழந்தை. அவளுக்கு அடுத்து அவள் மாமியார்.

"நேத்துலேருந்து புள்ளைக்கு வயித்தால போச்சுங்க. இப்பத் தேவலை, அழுகையே காணோம்" என்றார் மாமியார்.

குழந்தையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. அதற்கு அழக்கூடத் தெம்பில்லை.

"பால் குடுக்குறீங்களா?"

"பாலு, தண்ணி எல்லாத்தையும் நிப்பாட்டியாச்சு. குடுத்தா மறுபடி போகுமில்ல?"

பின்சீட்டுப் பெண்களும் ஆமாம் போட்டார்கள்.

ஆலங்குடியில் இஞ்சின் கொதித்து பஸ் நின்றது. டிரைவர் குடத்தோடு ஓடினார். நேரமாகிறதென்று ஒருவர் முணுமுணுக்க, மாமியார் அவரை அதட்டினார். "செத்த பொறுங்க. தண்ணி வத்திப்போனா வண்டி எப்புடி ஓடும்?"

"அப்ப புள்ளைக்கு?" என்று கத்தியே விட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மாமியார் குழந்தையின் உச்சியைத் தடவிப் பார்த்தார். "பால அமத்துடி" என்றார் மருமகளிடம், குரல் உள்ளே போய்.

குழந்தை மெல்லச் சப்பியது. புதுக்கோட்டையில் இறங்கியதும் அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நல்லவேளை, இஞ்சினுக்கு மாமியார் இல்லை. உங்கள் வீடுகளில் எப்படி?