புவனா அக்கா கேட்காமல் வைத்திருந்த பக்கம்

ஒரு மனிதனின் குரலை நான் அழித்தேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. எனக்குத் தெரியாதது பாதிதான். மற்றப் பாதியைக் கண்ணைத் திறந்துகொண்டே செய்தேன்... கேத்திலில் தண்ணீர் கொதித்து எழும்பிய ஆவியில், ஓர் ஒலிநாடாக் கசற்றின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சிட்டையை ஒரு மூலைகூடக் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தேன்!

நீங்கள் என்னைக் கண்டிருக்கலாம். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கின் அடுக்குமாடி ஒன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிற, காதில் எந்நேரமும் ஹெட்போன் மாட்டிய பெடியன். மற்றப் பெடியள் சினிமாப் பாட்டுக்குத் தலையாட்டியபோது எனக்கு ஜாஸ் பைத்தியம். அதிலும் பரீட்சார்த்த ஜாஸ். மெட்டுப் பிடிபடாதது, தாளம் நொண்டுவது, பாதியில் முறிந்து விழுவது. அதை ரசிக்கத் தெரிந்தவன் என்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது.

நகரத்துப் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில்தான் ஒரு சின்ன இசை வெளியீட்டகத்தின் சீடி முதன்முதலாக என் கையில் அகப்பட்டது. மசிடோனியாவில், ஸ்கோப்பியே நகரத்தில், நண்பர்கள் சிலர் ஒரு சமையலறையிலிருந்து நடத்தியது. சாம்பல் நிற மட்டை உறை, அதில் கையால் குத்திய முத்திரை. உள்ளே கிளாரினெற் ஒன்று கலியாண வீட்டில் தொடங்கி செத்த வீட்டில் முடிந்தது! ஏழடித் தாளம் காலை இழுத்து இழுத்து ஓடியது. உலகப் படத்தில் அப்போதுதான் தனி நாடாக எழுந்து நின்ற ஒரு தேசம்... அதிலிருந்து இப்படி ஒரு சத்தமா? எனக்கு நித்திரை வரவில்லை.

அவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது. அடுத்த அல்பத்தை உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அனுப்பும் ஒலிகளின் மேல் கட்டப்போகிறார்களாம். தெருவோ, குரலோ, எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, முதல் நாடாவே வேண்டும். பிரதி எடுத்தது வேண்டாம். பிரதியில் உயிர் இல்லை.

அந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் மெச்சிச் சொல்லித் திரிந்தேன்!

அப்போது நான் புவனா அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்கா பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தா. அகதி வழக்கு முடியாமல் இழுபட்டது. கணவர் குணம் அண்ணை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். கொழும்பு வழியாக வந்த யாரோ ஒருவரிடம் அவர் ஒரு கசற் கொடுத்துவிட்டிருந்தார். அதன் பிறகு சண்டை மூண்டு, அங்கே சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சமைக்கும்போது அந்தக் கசற் குசினியில் ஓடும்.

"புவனா, இஞ்சை கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒரு கையாலை பெடலைச் சுத்தி, டைனமோவிலைதான் இந்தச் செற் ஓடுது. குரல் ஆடினால் சிரிக்காதை. கை உளைஞ்சால் பாட்டு மாதிரி இழுபடும்."

உண்மையாகவே இழுபட்டது! பெடல் சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் குரல் ஏறியது, இறங்கியது, வளைந்தது. பின்னால் சில்லின் கிறீச்சொலி. அக்கா அதில் கணவரைக் கேட்டா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? ஒரு ஜாஸ் சோலோ.

கேட்டால் தரமாட்டா என்று தெரியும். அதனால்தான் நான் கேட்கவில்லை.

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அதே வகைக் கசற் ஒன்று வாங்கி வந்தேன். இரட்டைத் தட்டுள்ள ரேப் செற்றில் இரண்டையும் போட்டு, விரைவுப் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். குணம் அண்ணையின் குரல் குருவிக் கூட்டம்போலக் கீச்சிட்டது. நான் சிரித்தேன்... ஆம், சிரித்தேன்! பிறகு சஞ்சிகை ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கத்தை நான் திருப்பிப் போடவில்லை. அக்கா அதைப் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. வெறுமையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்திருக்கலாமே? பொறுமை இல்லை. தபால் கந்தோர் பூட்டிவிடும் என்ற அவசரம்.

அக்காவின் கையெழுத்துச் சிட்டையைப் பிரதியில் ஒட்டிவிட்டு, முதல் நாடாவை அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா குசினியிலிருந்து கூப்பிட்டா.

"தம்பி, இவரின்ரை குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரிக் கிடக்கு."

"ரேப் பழசாகுது அக்கா."

"இல்லை, அங்கை ஆளுக்குத் தடிமனாக்கும்," என்று சொல்லி அக்கா சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாதங்கள் போயின. பனிக்காலத்தில் சீடி வந்தது. மாடியின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்து உறையைப் பிரித்தேன். முதலில் எதைத் தேடினேன்? என் பெயரை! நன்றி சொன்ன இடத்தில் சின்ன எழுத்தில் அது இருந்தது. மார்பு விம்மியது. 'ரொறன்ரோ' என்று தலைப்பிட்ட பாட்டை ஓடவிட்டேன்.

சைக்கிள் சில்லு. மேளம். சில்லின் கிறீச்சொலியைக் கிளாரினெற் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்தி எடுத்தது. அற்புதம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு குரல்.

"புவனா, பகிடி போதும். இனிச் சொல்லுறதை வடிவாக் கேள்."

இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை! அந்த ஞாயிறுகளில் எதிலும் இந்த வசனம் இல்லை.

"நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடப்போறம். என்னை விசாரிக்கிறதெண்டால் வவுனியாவிலை..."

வெட்டு. மீண்டும் தொடக்கம். "என்னை விசாரிக்கிறதெண்டால் வவுனியாவிலை..." வெட்டு. "என்னை விசாரிக்கிறதெண்டால்..." அந்தத் துண்டைச் சுழலவிட்டிருந்தார்கள். குரல் விழுகிற இடத்தில் கிளாரினெற்றும் விழுந்தது, எழுந்தது, குரலைப் பகிடி பண்ணுவதுபோல அதையே திருப்பிச் சொன்னது. யாரை விசாரிப்பது? வவுனியாவில் எங்கே? மேளம் பெருகி எல்லாவற்றையும் மூடியது. கடைசியில் யாரோ கைதட்டினார்கள்.

எனக்கு முன்னால் தோய்க்கிற இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

தொலைபேசி அட்டை வாங்கி ஸ்கோப்பியேக்கு எடுத்தேன். மறுமுனையில் பேசியவருக்கு என் குரலைக் கேட்டதும் ஒரே சந்தோசப் புளுகம். இரண்டு பக்கத்தையும் பல தடவை கேட்டார்களாம். ஒரு சொல்லும் விளங்கவில்லையாம், ஆனால் இரண்டாம் பக்கத்தில் அந்த மனிதர் பதறுவது தெரிந்ததாம், அதனால்தான் அதை எடுத்தார்களாம். மொழி தெரியாத அவர்கள் கேட்டிருக்கிறார்கள்... மொழி தெரிந்த நான் கேட்கவில்லை!

மிச்ச நாடா எங்கே என்றேன். வெட்டி ஒட்டியதுபோக மற்றதை எறிந்துவிட்டார்களாம். ஒருமுறை பாவித்த ஒலியைத் திரும்பப் பாவிப்பதில்லை என்பது அவர்கள் கொள்கையாம். எனக்குத் தெரிந்த கொள்கைதான். கடைசியில் அவர் கேட்டார், அந்த மனிதர் என்னதான் சொல்கிறார்? நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் சும்மா கேட்பதுபோல அக்காவிடம் கேட்டேன்.

"அந்தக் கசற்றின்ரை மற்றப் பக்கத்திலை என்ன அக்கா இருக்கு?"

"தெரியாது. நான் இன்னும் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ? ஏன்?"

"மிச்சத்தை மற்றப் பக்கத்திலை சொல்லுறன் எண்டுதான் இவர் முடிக்கிறார். வழக்கு முடிஞ்சு லாண்டட் கிடைச்சு, இவரை இஞ்சை எடுக்க ஸ்பொன்சர் பண்ணுற அண்டைக்குக் கேப்பமெண்டு வைச்சிருக்கிறன். எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கு, சொல்லு? ஒரு பக்கம் கிடந்தால் மனுசன் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை எண்ட மாதிரி."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ஒன்று செய்தேன்... கோழைத்தனத்திலும் கேவலமான ஒன்று.

"வவுனியாப் பக்கம் விசாரிச்சுப் பாத்தால் என்ன அக்கா?"

"வவுனியாவோ? அங்கை எனக்கு ஆரைத் தெரியும்? ஏன் வவுனியா எண்டு சொல்லுறாய்?"

"சும்மா சொன்னன்."

"சும்மா சொல்லாதை தம்பி. எனக்கு நெஞ்சு இடிக்குது."

நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் லாண்டட் பேப்பர் வந்தது. அக்கா றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு வந்து, நெற்றித் திருநீறு காயுமுன்னே கசற்றைத் திருப்பிப் போட்டா.

"வா தம்பி, நீயும் இருந்து கேள். ஸ்பொன்சருக்கு ஆள் எங்கை நிக்குதெண்டு தெரியவேணுமெல்லே."

இரைச்சல். வெறும் இரைச்சல்.

அக்கா சத்தத்தைக் கூட்டினா. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தா. "செற் பழுதோ எண்டு ஒருக்காப் பாரன்." நான் பார்த்தேன்! பஞ்சில் கொலோன் தொட்டு, கசற் ஓடும் தலையைத் துடைத்து, ஒன்றும் அறியாத மெக்கானிக்போல மீண்டும் ஓடவிட்டேன். அறையில் சீடி இருக்கிறது. உள்ளே போய் எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகும்? நான் போகவில்லை. நாடா முடிந்து பொத்தான் டக்கென்று மேலெழும்பும்வரை அக்கா அசையாமல் இருந்தா.

"அப்ப... மிச்சம் சொல்லுறன் எண்டது சும்மா. மனுசனுக்கு என்னட்டைச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ? அதுவும் பொய்தான். என்னை நானே நம்ப முடியவில்லை.

அதன்பிறகு ஞாயிறுகளில் குசினி அமைதியாகிவிட்டது. ஸ்பொன்சர் படிவம் நிரப்பாமல் கிடக்கிறது. சில வாரங்கள் போக, அக்கா அந்தக் கசற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தா.

"சும்மா கிடக்கிற பக்கந்தானே. உன்ரை பாட்டு ஏதும் அதிலை பதிஞ்சு அடிச்சுத் தா. நீ கேக்கிற அந்த ஆட்டை அறுக்கிற மாதிரிப் பாட்டெண்டாலும் பரவாயில்லை. வெறுமையா இரையிறதைக் கேக்க ஏலாமல் கிடக்கு."

கசற் இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் சாம்பல் நிற உறை. இரண்டையும் செற்றில் போட்டு, பதிவுப் பொத்தானில் விரலை வைத்து, எடுத்துவிடுகிறேன். அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது பாதியில் அறுந்த ஒரு வசனம், அதன் மேல் ஏறி நின்று ஆடும் ஒரு கிளாரினெற். அதைக் கொடுத்தால் என்ன கேட்பா? மிச்சம் எங்கே என்று கேட்பா!

நேற்றும் கதவடியில் நின்று கேட்டா.

"தம்பி, அடிச்சிட்டியோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"ஆறுதலா அடி. அவரின்ரை பக்கத்தை மட்டும் அழிச்சுப்போடாதை, என்ன?"